ஐந்தாவது அறை

நகோயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிசினஸ் ஹோட்டல். 2025 ஜனவரி. மாலை ஐந்தரைக்கே நன்றாக இருட்டிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் ஐந்து சாவி அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் நான்கு பேர்தான் நின்றிருந்தோம். செய்யாறு தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் ஒருத்தர் வரவில்லை என்று விளக்கினான். அவர் தலை குனிந்து வருத்தம் தெரிவித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து, இப்போது ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்காது என்றார்.

"பரவால்ல, அஞ்சாவது கார்டையும் வாங்குடா" என்றான் வந்தவாசி. "பிசிராந்தையார் மாதிரி கடைசி நேரத்துல வந்து நின்னாலும் நிப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், நான் மதுராந்தகம். ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கிய பையன்களுக்கு ஊர்தான் பெயர். 2011-இல் மாத்தூரில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முன்னால் வரும் ஊர். அதற்கு முந்தைய வருடம்தான் ரெனால்ட் நிசான் ஆலை திறந்திருந்தது. அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் தகரக் கூரை வேலை, லாரி, செம்மண் புழுதி. ஏரிக்கரை ஓரம் கேழ்வரகு போட்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். டிப்ளமோ முடித்துவிட்டுப் பையோடு வந்து இறங்கினோம். ஐந்து பேரும் ஒரே கம்பெனியில் டிரெய்னி, ஐந்து பேருக்கும் ஒரே ஸ்டைபண்டு.

அந்த அறையில் மூன்று பாய்கள்தான் இருந்தன. அது போதும். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனவன் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் படுப்பான். டிசம்பர் மாதக் காலையில் அந்தப் பாயில் முன்னால் படுத்திருந்தவனின் சூடு மிச்சமிருக்கும். அதை இப்போது அன்பு என்று எழுதத் தோன்றுகிறது. அப்போது யாரும் அப்படி நினைக்கவில்லை, "எழுந்திருடா நாயே" என்றுதான் சொல்லிக்கொண்டோம். எங்களுக்குள் சண்டை வந்ததில்லை, கணக்குப் பார்த்ததில்லை என்று பிற்பாடு பெருமையாகப் பேசியிருக்கிறோம். கணக்குப் பார்க்க எவனிடமும் ஒன்றும் இல்லை என்பதுதான் அதில் பாதி உண்மை. சம்பளம் சமமாக இருந்தவரைக்கும் நட்பு எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

அது முதல்முறையாக ஒன்றைக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

எங்கள் லைனில் ஒரு பிராக்கெட், இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. எல்எச், ஆர்எச் என்று இரண்டு ட்ரே. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு துளை மட்டும் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். 2012 இறுதியில் ஒரு நாள் செகண்ட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நான் ட்ரேக்களை நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன். நைட் ஷிஃப்டுக்கு அதே ஸ்டேஷனுக்கு வந்தவன் போளூர். மறுநாள் முப்பது நாற்பது பாகங்கள் தப்பாகப் பொருந்தியிருப்பது தெரிந்தது. பெரிய கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் கேட்டார், ட்ரே நிரப்பியது யார்?

போளூர் சொன்னான்: "நான் வந்தப்பவே அப்படித்தான் சார் இருந்துச்சு."

அவ்வளவுதான். என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மாற்றி வைத்தது நான்தான் என்று அப்போது எனக்கு நூறு சதவீதம் தெரியாது, தொண்ணூறு சதவீதம் தெரியும். மீதிப் பத்து சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் மூன்று மாதம் கழித்து வந்தது. எங்கள் நால்வர் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. அந்தப் பட்டியலுக்கு முன்பே ஜப்பானில் பயிற்சிக்கு அனுப்ப இரண்டு பேரை யோசித்து வைத்திருந்தார்கள், அதில் ஒருவன் போளூர். அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்திருந்தான். அவன் இடத்தில் நான் போனேன், மூன்று மாதம், அதே நகோயா பக்கம். அந்த ஒரு தவறுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவன் ஒருமுறை லீவு தகராறில் எதிர்த்துப் பேசியவன், அதுவும் காரணமாக இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்கிற சொல் எனக்குப் பன்னிரண்டு வருடம் சோறு போட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் போன பிறகு அந்த ஜிக்கில் ஒரு சின்னப் பின் வைத்தார்கள். ஆர்எச் பாகத்தை இடதுபக்கம் வைத்தால் உட்காராது. ஐம்பது ரூபாய் வேலை.

இதற்கு ஜப்பானிய மொழியில் போகா-யோகே என்று பெயர். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் பக்கம் லைனில் நின்ற எவனுக்கும் இந்தச் சொல் தெரியும். சுவரில் தமிழில் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆனால் அதன் கதையைப் பயிற்சிக்குப் போனபோதுதான் கேட்டேன். முதலில் அதற்கு பாகா-யோகே என்று பெயர். பாகா என்றால் முட்டாள், முட்டாள் தப்பு செய்துவிடாதபடி தடுக்கும் அமைப்பு. 1963-இல் அரகாவா என்கிற வாகன பாடி தொழிற்சாலையில் இந்த ஏற்பாட்டை விளக்கினார்கள். இடதுபக்கப் பாகத்தையும் வலதுபக்கப் பாகத்தையும் சிலர் மாற்றி வைத்துவிடுகிறார்கள், அதற்காகத்தான் இது என்று. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவ்வளவு முட்டாளா என்று கேட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. தொழிற்சாலைப் பொறியியலில் பெரிய பெயரான ஷிகேயோ ஷிங்கோ அதற்குப் பிறகு சொல்லை மாற்றினார். போகா என்றால் கவனப்பிசகு. எவருக்கும் வருவது.

பின் அப்படியே இருக்க, பெயர் மட்டும்தான் மாறியது. உதவி ஒன்றேதான், ஆனால் அது உன்னை யாராக ஆக்கிவிட்டு உதவுகிறது என்பது வேறாகிவிட்டது. அன்றைக்கு அந்தக் கதை எனக்கு நல்ல மேனேஜ்மென்ட் கதையாகத்தான் பட்டது. நோட்டில் குறித்துக்கொண்டேன். எல்எச், ஆர்எச் என்று கேட்டபோதுகூட உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? உறைத்தது. அதனால்தான் வேகமாக எழுதினேன்.

வருடங்கள் ஓடின. செய்யாறு ஹமாமட்சுவில் வேலைக்குப் போய்விட்டான். ஆரணி சென்னையில் டிசைன் வேலையில் இருக்கிறான், வந்தவாசி மாத்தூரிலேயே வீடு கட்டிவிட்டான், நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டியில். போளூர் நாலைந்து கம்பெனிகளில் காண்டிராக்டில் நின்றுவிட்டு இப்போது ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறான், சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம்வரை. நட்பு விட்டுப்போகவில்லை. எல்லார் கல்யாணத்துக்கும் வந்தான், பந்தியில் நின்று பரிமாறினான். என் மகனுக்குக் காதுகுத்தில் மோதிரம் போட்டான்.

ஜப்பான் பயணம் செய்யாறின் யோசனை. குளிர்காலத்தில் வாங்கடா, டிக்கெட் எடுத்துட்டு வாங்க, மீதி நான் பாத்துக்குறேன் என்றான். யென் இறங்கிப்போயிருந்தது, ஒரு யென் ஐம்பத்தைந்து பைசா. போளூரின் டிக்கெட்டை நாங்கள் போட்டுக்கொள்வோம் என்று முதலில் சொன்னது நான்தான். அதைப் பேசுவதற்காக அவன் இல்லாமல் நான்கு பேருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்தோம். பதினான்கு வருடத்தில் அவன் இல்லாத முதல் குரூப். அவன் நல்லதுக்காகத்தானே என்று தோன்றியது. பாதிக்கு மேல் நான் போடுகிறேன் என்று எழுதினேன். மூன்று பேரும் கைகூப்பும் எமோஜி அனுப்பினார்கள். எனக்குக் கண் கலங்கியது என்றுகூடச் சொல்வேன். வந்தவாசி ஐந்து அறைகளைப் பதிவு செய்தே விட்டான்.

போளூருக்கு ஃபோன் செய்தேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் வேனின் இஞ்சின் சத்தம். கடைசியில் சொன்னான்:

"மச்சான், நீ என்னைக் கூப்புடுறியா, இல்ல கணக்கு முடிக்கிறியா?"

புரியாதவன்போலச் சிரித்தேன். பாஸ்போர்ட் 2022-லேயே முடிஞ்சிடுச்சுடா, ஒரு சீல்கூட விழாம முடிஞ்சிடுச்சு என்றான். தட்காலில் எடுத்துவிடலாம் என்றேன். ட்ரிப் இருக்கு, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டான்.

அந்த ஹோட்டலுக்குத் திரும்புகிறேன். அறை அறையாக இல்லை, ஒரு பொருளாக இருந்தது. பன்னிரண்டு சதுர மீட்டர் இருக்கும். கட்டில், அதன் அளவுக்கே ஒரு மேசை, மடித்து வைத்த இரவு உடை, பிளாஸ்டிக் உறையில் செருப்பு. குளியலறை ஒரே வார்ப்பாக, இணைப்பே தெரியாமல் இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி நியூ ஒட்டானி ஹோட்டலைக் கட்டியபோது 1,000-க்கும் மேற்பட்ட குளியலறைகளைக் குறுகிய காலத்தில் முடிக்க வேண்டியிருந்தது. டோட்டோ கம்பெனி அவற்றைத் தொழிற்சாலையில் தயாரித்து முழுசாகக் கொண்டுவந்து இறக்கியது. அன்று தொடங்கியதுதான் இந்த வகைக் குளியலறை. குவாலிட்டிக்காரன் என்பதால் நான் மண்டிபோட்டு அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். ஆரணி கதவில் நின்று ஃபோட்டோ எடுத்தான்.

வெளியே இபுகி மலைப் பக்கமிருந்து வரும் காற்று காதை அறுத்தது. உள்ளே எல்லாம் நமக்கு முன்பே யோசித்து வைக்கப்பட்டிருந்தது. டிப்ஸ் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். காலையில் ஒரு காபிக் கடைக்குப் போனால் காபியின் விலைக்கே ரொட்டியும் முட்டையும் வைக்கிறார்கள், நகோயாவின் பழக்கம் அது, மார்னிங் என்றே பெயர். வந்தவாசி சந்தேகத்தோடு பில்லை இரண்டுமுறை பார்த்தான். ஹோட்டலில் இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பணிவிடை நடந்தாலும் கிளம்பும்போது யாருக்கும் ஒன்றும் பாக்கியில்லை. விருந்தாளியாகப் போனால் இப்படி இருக்க முடியாது. ஒரு வாய் காபிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் கூட வரும். என் வாழ்க்கை முழுக்க ஹோட்டலில் தங்குகிற மாதிரி இருக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்று அந்தக் கட்டிலில் படுத்தபடி தோன்றியது. போளூருக்கு நான் போட நினைத்த டிக்கெட் ஒரு செக்-அவுட்.

இரண்டாம் நாள் டொயோட்டா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய தறி ஆலை, செங்கல் கட்டடம். சகிச்சி டொயோடாவின் 1924-ஆம் ஆண்டுத் தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒரு பெண் நின்று, ஓடும் தறியில் ஒரு நூலைத் துண்டிக்கிறார். டக்கென்று தறி நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி. பிற்பாடு கார் ஆலைகளில் எந்தத் தொழிலாளியும் லைனை நிறுத்தலாம் என்று தொங்கவிட்ட கயிறு இந்த யோசனையின் பிள்ளை. எங்கள் லைனிலும் கயிறு இருந்தது. அதை இழுத்தால் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்பதற்காகவே இழுக்காத கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காலைக் கூட்டத்தில் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஒரு கயிறு தொங்கியது. நூல் அறுந்தது தெரிந்தும் ஓடிக்கொண்டே இருந்த தறி நான்.

மூன்று இரவும் நாங்கள் கூடியது ஐந்தாவது அறையில்தான். யாருடைய அறையும் இல்லை என்பதால் அங்கே செருப்பையும் பையையும் இஷ்டத்துக்குப் போட முடிந்தது. ஒரே கட்டிலில் நான்கு பேர், கால்மேல் கால், மாத்தூர் மாதிரியே. கடையில் வாங்கிய கோழிச் சிறகு, பீர். பதினோரு மணிக்கு கவுண்டரிலிருந்து ஃபோன் வந்தது. தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா என்று அந்தக் குரல் தானே தப்பு செய்ததுபோலக் கேட்டது. அப்புறம் கிசுகிசுவென்று பேசினோம். கிசுகிசுவென்று பேசினால் சில விஷயங்கள் தானாக வந்துவிடுகின்றன.

"அந்த ட்ரே நான் வெச்சதுடா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்" என்றான் வந்தவாசி. செய்யாறும் தலையாட்டினான். "அவனுக்கும் தெரியும்டா. அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்தப்பவே உன் கையெழுத்து டேக் பாத்துட்டான். மூணு மணிக்குத்தான் மாறியிருக்கிறதக் கவனிச்சிருக்கான்."

ஆரணிதான் எதிர்த்தான். அவன் எப்போதும் அப்படி. "இப்போ போய் அவன்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? உன் மனசு லேசாவும். அவனுக்கு? திரும்ப அந்த நாளுக்குப் போவான். அந்த டிக்கெட்டாவது அவனுக்குக் கெடச்சிருக்கும்."

இது சுலபமாகத் தள்ளக்கூடிய வாதமில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் தனக்குத் தானே செய்துகொள்ளும் தானமாக முடியலாம். காசு கொடுத்தாலாவது எதிராளிக்குக் காசு மிஞ்சும். இரண்டு நாள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உதவி பெற்றவன் உதவியவனை நேசிப்பதைவிட, உதவியவன் பெற்றவனை அதிகம் நேசிக்கிறான் என்று அரிஸ்டாட்டில் தன் அறநூலில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கிறார். கைவினைஞன் தான் செய்த பொருளை நேசிப்பதுபோல என்கிறார். லைனில் நின்றவனுக்கு இது புரியும். குரூப்பில் தொகையை எழுதிவிட்டு எனக்குக் கண் கலங்கியதே, அது போளூருக்காக இல்லை. நான் செய்யப்போகும் பொருள் அவ்வளவு அழகாக இருந்தது. நம் ஊரில் கர்ணனை எல்லோரும் கொடைக்காகப் பேசுவோம். எனக்கு அவன் எப்போதும் வாங்கியவன். சபையில் அவமானப்பட்டு நின்றபோது துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான். அதற்குப் பிறகு கர்ணனால் ஒரு விஷயத்தில்கூட இல்லை என்று சொல்ல முடியவில்லை. செஞ்சோற்றுக்கடன் என்று அதை உயர்த்திச் சொல்கிறோம். வாங்கியவன் கழுத்தில் அது எப்படி இறுகியது என்று சொல்வது குறைவு.

துரியோதனனாவது தன்னுடையதைத்தான் கொடுத்தான். நான் கொடுக்கப் போனது போளூருடையதை. ஜப்பான் அவனுக்கு வரவேண்டியிருந்தது. அதை நான் பரிசாக நீட்டினால் தன் பொருளுக்கே அவன் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த வடிவத்தில் என்று எல்லாம் நானே முடிவு செய்வேன். வேண்டாம் என்றால் திமிர் பிடித்தவன் என்று மூன்று பேர் பேசுவார்கள். கடன் என்று ஒப்புக்கொண்டால் கதை வேறு. அப்போது கேட்கும் உரிமை அவனிடம் போகிறது. கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், ஆனால் சொல்வது அவன். ஆரணிக்கு இதைத்தான் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும். ரயிலில் திக்கித் திக்கிச் சொன்னேன். "அப்போ அவன் கேட்டா குடுப்பியா? என்ன கேட்டாலும்?" என்றான். பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

குறளில் நட்புக்கு ஐந்து அதிகாரங்கள். அதில் 'பழைமை' என்று ஒன்று தனியாக இருக்கிறது. பழைய நண்பன் உரிமை எடுத்துக்கொண்டு செய்த பிழையைப் பொறுப்பது பற்றி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதை நான் நண்பர்களுக்கான சலுகை என்று நினைத்திருந்தேன். இப்போது திரும்ப வாசித்தால், பத்துக் குறளும் பொறுத்துப்போகிறவனிடம் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. பிழை செய்தவனைப் பார்த்து, கவலைப்படாதே, அவன் பொறுத்துக்கொள்வான் என்று ஒரு வரிகூட இல்லை. போளூர் பன்னிரண்டு வருடம் அந்த அதிகாரத்தில் வாழ்ந்திருக்கிறான். நான் அதை வெளியிலிருந்து அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோவில் பக்கம் வேனை நிறுத்தியிருந்தான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சொன்னேன். நடுவில் சாமி கும்பிட வந்த கூட்டம் ஒன்று ஆட்டோ கேட்டு வேன் கண்ணாடியைத் தட்டியது. அவன் கையை ஆட்டி அனுப்பிவிட்டு, "ம், சொல்லு" என்றான். முழுவதும் கேட்டான்.

"அவனுங்க கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ரூம்ல வாயால சொன்ன. குரூப்புல எழுது. அஞ்சு பேர் இருக்குற குரூப்புல."

நாலு பேர் குரூப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"வேற?" என்றேன்.

"வேற இப்போ தோணல. தோணுனா கேக்குறேன்." ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தான். "ஆமா, என் ரூம் எப்படிடா இருந்துச்சு?"

சொன்னேன். கட்டில், செருப்பு, ஒரே வார்ப்பான குளியலறை, திறக்க முடியாத ஜன்னல், எதிர்க் கட்டடத்தின் சிவப்பு விளக்கு. நாங்கள் மூன்று இரவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம் என்றதும் சிரித்தான். எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். மூன்று இரவுக்கு 21,000 யென், நம்ம காசுக்கு 11,550 ரூபாய்.

"வரலைன்னு நான்தான் கரெக்டா சொல்லாம விட்டுட்டேன். அத நான் குடுத்துடுறேன். மாசம் ரெண்டாயிரம்."

வேண்டாம்டா என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

குரூப்பில் எழுத எனக்கு இரண்டு மணிநேரம் பிடித்தது. முதலில் நீளமாக எழுதியதில் தூக்கம், அலுப்பு, அந்த மாத ஓவர்டைம் எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. அனுப்பியதும் ஐந்து நீல டிக் எண்ணினேன், என்னையும் சேர்த்துத் தப்பாக. யாரும் எமோஜி போடவில்லை.

ஐந்தாம் தேதி ஜிபேயில் இரண்டாயிரம் வந்தது. குறிப்பில் 'ரூம்' என்று போட்டிருந்தான். வந்தவாசிக்கு அனுப்பியிருக்கிறான், அறை போட்டது அவன்தானே. வந்தவாசி அதை நான்காகப் பிரித்து எனக்கு 500 அனுப்பினான்.